லிஃப்ட் செய்த வண்டியில் ஸ்டியரிங் உதறல்: டேம்பரா, டயரா, டிராக் பாரா, காஸ்டரா?

வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, பெரிய டயர் மாட்டிய கொஞ்ச நாளில் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஸ்டியரிங் டேம்பரை (ஸ்டியரிங்குக்கு வரும் அடியை வாங்கிக்கொள்ளும் ஷாக்) மாற்று என்பார் ஒருவர். வீல் பேலன்ஸைச் சோதித்துப் பார், டிராக் பாரை (ஆக்சிலைப் பக்கவாட்டில் நகரவிடாத தண்டு) மாற்று, காஸ்டரை (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) சரிசெய் என்று மற்றவர்கள் வருவார்கள். நான்கிலுமே உண்மை இருக்கிறது. ஆனால் எதில் முதலில் கை வைப்பது என்பதில் தவறினால், பணமும் போய், உதறலும் அப்படியே இருக்கும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிராக் பாரை முதலில் பாருங்கள், டேம்பரைக் கடைசியில் வாங்குங்கள்.

இங்கே பேசுவது முன்பக்கம் சாலிட் ஆக்சில் உள்ள வண்டிகளைப் பற்றி. ஜிம்னி, ரேங்ளர், 70 வரிசை லேண்ட் க்ரூஸர் போன்றவை. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே இரும்புத் தண்டில் பிணைந்திருப்பதால், ஒன்றுக்கு வரும் அடி மற்றதையும் ஆட்டும். சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் தட்டினால் அது நேராகச் சாயாமல் வேறு பக்கம் திரும்பப் பார்க்கும் அல்லவா? ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஆக்சில் சாயும்போது, சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு சக்கரங்களும் அதே போலத் திரும்பப் பார்க்கின்றன. எங்காவது ஒரு மூட்டில் ஆட்டம் இருந்தால் இந்தத் திருப்பம் அடங்காமல், ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும். இது புதிய தொல்லையும் இல்லை. பிரெஞ்சுப் பொறியாளர் புருலியே 1925-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கார்கள் பின்னாளில் சாலிட் ஆக்சிலை விட்டு விலகியதற்கு இந்த உதறலும் ஒரு காரணம்.

உதறலில் மூன்று வகை

எந்தப் பொருளையும் வாங்கும் முன் உதறலின் குணத்தைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சீராக நடுங்கி, அதைத் தாண்டினால் அடங்கிவிடுகிறதா? சந்தேகம் டயர் பக்கம். நேர்ரோட்டிலேயே வண்டி இடமும் வலமும் அலைந்து, திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர மறுக்கிறதா? அது காஸ்டர் அல்லது டோ (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு). ஒரு பள்ளத்திலோ பாலத்தின் இணைப்பிலோ ஏறிய நொடியில் ஸ்டியரிங் கையைப் பிய்த்துக்கொண்டு ஆடி, வேகத்தை நன்றாகக் குறைக்கும் வரை நிற்காமல் இருந்தால், அதுதான் டெத் வாபிள். அதில் பெரும்பாலும் ஏதோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கும்.

இந்தக் கடைசி வகை ஓட்டத்தில் வந்துவிட்டால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பதறாமல் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். காரணம் தெரியும் வரை அந்த வண்டியை வேகமான சாலைக்குக் கொண்டு போகாதீர்கள்.

டயர்

செலவு குறைவு, சோதனையும் சுலபம். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்குப் போய்விட்டால் குற்றவாளி அந்த டயர்தான். பெரிய டயரில் பேலன்ஸ் பிசகு ஏன் இவ்வளவு தெரிகிறது என்பதற்கு ஒரு கணக்கு: 35 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.8 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 8 முறை சுழலும். கம்பெனி கொடுத்த 29 அங்குல டயர் அதே வேகத்தில் ஒன்பதரை முறைக்கு மேல் சுழலும். பெரிய டயரின் தட்டு மெதுவானது, கனமானது. எடை கூடிய சக்கரமும் அந்த மெதுவான தாளத்துக்கே ஆட இசைந்து கொடுக்கும். பேலன்ஸ் செய்தும் அடங்காவிட்டால், சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றி, டயர் வட்டமாக ஓடுகிறதா, எங்காவது புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வட்டம் தவறிய டயரை எந்த ஈயக்கட்டியும் திருத்தாது.

ஆனால் ஒன்று. டெத் வாபிளைத் தொடங்கி வைப்பது டயராக இருக்கலாம், அதை வளர்த்துவிடுவது மூட்டுகளின் ஆட்டம். டயரை மட்டும் சரிசெய்தால் தீப்பெட்டியை ஒளித்து வைத்த மாதிரி. வைக்கோல் அங்கேயேதான் இருக்கும்.

டேம்பர்

இதை வாங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. இரண்டே போல்ட், அரை மணி நேர வேலை, மாட்டியதும் வித்தியாசம் தெரியும். என் வண்டியிலும் அப்படித்தான் நடந்தது. கிட் மாட்டிய இடத்தில் கனமான புது டேம்பர் போட்டுக் கொடுத்தார்கள், உதறல் நின்றது. நாலைந்து மாதம் நிம்மதியாக ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் வந்தது, முன்பைவிட மோசமாக. கழற்றிப் பார்த்தால் டிராக் பார் பிராக்கெட்டின் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்து போயிருந்தது. முதல் நாளே அந்த போல்ட்டை இறுக்கியிருந்தால் முடிந்திருக்கும். டேம்பர் உதறலை மறைத்த அத்தனை மாதமும் போல்ட் துளையைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

டேம்பரின் வேலை கல்லிலும் குழியிலும் வரும் திடீர் அடியை உங்கள் கைக்கு வராமல் வாங்கிக்கொள்வது. மூட்டில் உள்ள ஆட்டத்தை அது எடுக்காது. மற்றதெல்லாம் சரியாக உள்ள வண்டி டேம்பர் இல்லாமலே உதறாமல் ஓட வேண்டும். பழையது எண்ணெய் கசிந்தாலோ நசுங்கியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும், ஆனால் பழுதைக் கண்டுபிடித்த பிறகு. இன்னொரு விஷயம்: வாயு அழுத்தம் நிரப்பிய டேம்பரின் தண்டு எப்போதும் வெளியே வரப் பார்க்கும், அதனால் சில வண்டிகள் ஒரு பக்கம் இழுக்கும்.

டிராக் பார்

ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில் பிடித்திருக்கும் இந்தத் தண்டுதான் ஆக்சிலைப் பக்கவாட்டில் நகரவிடாமல் வைத்திருக்கிறது. வண்டியை உயர்த்தினால் தண்டின் சாய்வு கூடும், அதன் கிடைமட்ட நீளம் குறையும், ஆக்சில் சேஸிஸ் முனையின் பக்கமாக இழுபடும். அதோடு பெரிய டயரின் எடையும் சேர்ந்து இந்த இரண்டு போல்ட்டுகளையும் வதைக்கும்.

சோதனைக்குத் தேவை ஒரே ஒரு துணையாள். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, அவர் ஸ்டியரிங்கைக் கால் சுற்று அளவுக்கு இடமும் வலமும் சட்சட்டென்று திருப்பட்டும். நீங்கள் முன்னால் குனிந்து டிராக் பாரின் இரண்டு முனைகளையும் பாருங்கள், மூட்டின் மேல் விரலை வைத்தும் பாருங்கள். போல்ட் துளைக்குள் மயிரிழை அசைந்தாலும், மூட்டிலுள்ள ரப்பர் புஷ் நசுங்கி விரிந்தாலும், கிளிக் என்று சத்தம் வந்தாலும் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸோடு சேருமிடம், அந்தப் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பப் போகும் டிராக் லிங்க், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் முனையான டை ராட் எண்ட் எல்லாவற்றையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம். இவ்வளவு தகவலை இலவசமாகத் தரும் சோதனை வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

சரி, எதை மாற்றுவது? நீளம் கூட்டிக் குறைக்கும் டிராக் பார் ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவரும், ஆனால் சாய்வு அப்படியே இருக்கும். இறக்கும் பிராக்கெட் சாய்வையும் குறைக்கும், ஆனால் நெம்பும் விசை கூடுவதால் பிடிமானம் பலமாக இருக்க வேண்டும். டிராக் பாரும் டிராக் லிங்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது கட்டாயம். ஒன்றை மட்டும் இறக்கினால் ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாகத் திரும்பும். சிறிய லிஃப்டுக்கு நீளம் மாற்றும் பார் போதும் என்பது என் எண்ணம். துளை தேய்ந்திருந்தால் புது போல்ட் மட்டும் போட்டு ஏமாறாதீர்கள். அந்த பிராக்கெட்டை மாற்றியோ வெல்டிங்கில் சரிசெய்தோ ஆக வேண்டும்.

காஸ்டர்

லிஃப்ட் போட்டால் ஆக்சில் சற்று முன்னோக்கிச் சுழன்று காஸ்டர் குறைகிறது. ஆக்சிலைச் சேஸிஸோடு நீளவாக்கில் இணைக்கும், ஆக்சிலோடு இறுகப் பிடித்த கை 850 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. உயர்த்தும்போது ஏறக்குறைய 3.4 டிகிரி போய்விடும். இதைத் திருப்பிக் கொண்டுவர மூன்று வழி. துளை நடுவிலிருந்து விலகிய புஷ் மலிவு, ஆனால் திருத்தம் குறைவு. கையின் சேஸிஸ் முனையை இறக்கும் பிராக்கெட் தார்ரோட்டில் நன்றாக இருக்கும், ஆனால் அடியில் தொங்கிப் பாறையில் இடிக்கும். நீளம் மாற்றும் கைகள் அல்லது லிஃப்டுக்கென்றே வளைத்த கைகள் விலை கூடியவை, எனக்குப் பிடித்தவையும் அவைதான். மூன்றுக்கும் பொதுவாக ஒரு விலை உண்டு: காஸ்டரைக் கூட்டக் கூட்ட, டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் வந்து சேரும் முனையான பினியன் கீழ்நோக்கிச் சாயும், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டில் கோணம் கூடி அங்கே புது அதிர்வு கிளம்பலாம். அதனால் வண்டி தானாக நேர்ப்படும் அளவுக்கு ஏற்றி அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

பால் ஜாயின்ட், வீல் பேரிங் இரண்டுக்கும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் போதும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு முழு நாள் கையில் இருந்தால் நான் போகும் வரிசை: முதலில் ஸ்டியரிங்கை ஆட்டும் சோதனை, பிறகு டயர் மாற்றிப் பார்ப்பது, பிறகு ஜாக்கி, கடைசியில் அலைன்மென்ட் அளவு. தளர்ந்த மூட்டோடு அலைன்மென்ட் எடுத்தால் அந்த அளவுக்கு அர்த்தமே கிடையாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போது மட்டும், கையேட்டில் சொன்ன டார்க்குக்கு இறுக்குங்கள். தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு குனிந்து பார்த்தால், கோடு விலகியிருக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.