கோப்பர்நிக்கஸ் பிரவுசர்: நிலம் மாறுவதைப் பார்க்க எவ்வளவு நம்பலாம்?

பயிர் நிலம் தரிசாவது, மேய்ச்சல் தரை தோப்பாவது, குளம் சுருங்குவது போன்றவற்றைப் பின்னோக்கிப் பார்க்க இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலில் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற ஐரோப்பிய செயற்கைக்கோள் பட இணையதளத்தைத்தான் திறக்க வேண்டும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. இதற்குப் படம் எடுக்கும் சென்டினல்-2 வரிசையின் முதல் இரண்டு செயற்கைக்கோள்கள் 2015-இலும் 2017-இலும் ஏவப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஓடத் தொடங்கியதிலிருந்து ஐந்து நாளுக்கு ஒரு படம். மேகம் மூடினால் அந்த நாள் வீண்தான்.

எல்2ஏ (காற்று மண்டலத்தின் தாக்கத்தை நீக்கித் திருத்திய படம்) வகையை எடுத்து, மேக அளவைக் குறைத்து வைத்து, எல்லையை வரைந்துகொள்ளுங்கள். பி8 (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு), பி4 (சிவப்பு), பி3 (பச்சை) அலைவரிசைகளை முறையே சிவப்பு, பச்சை, நீலமாக வைத்தால் பசுமை எல்லாம் சிவப்பாகத் தெரியும். பயிர் எங்கே, வெறும் மண் எங்கே என்று கண்ணுக்கு உடனே பிடிபடும். இரண்டு தேதிகளைக் குறித்துவைத்து ஒப்பீட்டுப் பகுதியில் போட்டால், நடுக்கோட்டை இழுத்து இழுத்துப் பார்க்கலாம். இதன் சிறந்த வசதி இதுதான்.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு வருடம் அறுவடைக்கு முன்பும் அடுத்த வருடம் அறுவடைக்குப் பின்பும் எடுத்தால், ஊரே தரிசானதுபோல் தெரியும். வருடத்துக்கு மூன்று படமாவது வேண்டும்: விதைப்பு, பயிர் முற்றும் காலம், கோடை. மூன்றிலும் மண்ணாகவே தெரிந்தால்தான் தரிசு என்று சந்தேகிக்கலாம். அதுவும் இரண்டு மூன்று வருடம் தொடர்ந்தால்.

நீரிலும் ஏமாற்றம் உண்டு. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் குளம்போலத் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய குளமோ பயிர்போலத் தெரியும். மேக நிழலும் அறுவடைத் தாள் எரித்த கருமையும் தண்ணீராகப் பதிவாவது உண்டு.

பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், 10 மீட்டர் பக்கமுள்ளது; ஏக்கருக்குச் சுமார் 40. போதும்போலத் தோன்றும். ஆனால் 20 மீட்டர் பக்கமுள்ள பண்ணைக்குட்டை கட்டங்களோடு சரியாகப் பொருந்தாவிட்டால், முழுக்க நீராக ஒரே ஒரு பிக்சல்தான் மிஞ்சும். சுற்றியுள்ள எட்டும் கரையும் நீரும் கலந்தவை. அத்தகைய குட்டைகளின் பரப்பளவை இதில் அளக்காதீர்கள். வரப்பு, வேலி மரவரிசை எதுவும் தனியாகத் தெரியாது.

அசல் கோப்பை இறக்கி, தாமே பசுமைக் குறியீடு, அதாவது (பி8 − பி4) ÷ (பி8 + பி4), கணக்கிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 ஜனவரி 25 முதல் வரும் கோப்புகளில் ஒவ்வொரு மதிப்போடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. கழிக்க மறந்தால் என்ன ஆகும்? பி8 3000, பி4 1000 என்றால் குறியீடு 0.5. அதுவே 4000, 2000 என்று வந்தால் 0.33. ஒரு செடிகூட வாடாமலே அந்த வருடத்தில் பசுமை சரிந்ததாக வரைபடம் சொல்லும்!

நிலத்தடி நீர் இதில் தெரியாது. கிணறு அடிமட்டத்துக்குப் போகும்வரை மோட்டார் ஓடும். படத்தில் வயல் பச்சையாகவே இருக்கும்.

2015-க்கு முந்தைய நிலவரம் வேண்டுமானால் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களுக்குப் போக வேண்டும். பிக்சல் 30 மீட்டர் என்பதால் சிறு துண்டு நிலங்கள் கரைந்துவிடும். லேண்ட்சாட் 7-இன் ஸ்கேனர் பகுதி 2003 மே மாதம் பழுதானது; அதற்குப் பிந்தைய படங்களில் கோடுகோடாக வெற்றிடம் இருக்கும். அந்தக் கோடுகளை நில மாற்றமாக எண்ணிவிடாமல், அதே காலத்துக்கு லேண்ட்சாட் 5 படம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.