பூனேயா, கல்லடியா, கல்யாண வீடா?

மட்டக்களப்பில் குறும்படம் எடுக்கத் தொடங்கும் எவரும் ஒரு கட்டத்தில் பாலு மகேந்திராவைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அமிர்தகழியில் பிறந்தவர், நம்ம ஊர் ஆள். "பூனே திரைப்படக் கல்லூரியில படிச்சதாலதான் அந்த ஆள் அப்பிடி வந்தார்" என்பான் ஒருவன். "கண் முதலே இருந்தது, பூனே என்னத்தக் கிழிச்சது?" என்பான் அடுத்தவன். படமெடுக்கக் கல்லூரி வேண்டுமா வேண்டாமா என்ற இந்தச் சண்டையைக் கல்லடிக் கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு நானும் போட்டிருக்கிறேன், இரண்டு பக்கமும் நின்று.

அவர் கதையைச் சற்று உற்றுப் பார்த்தால் இரண்டு பேருக்குமே வெற்றி இல்லை. 1969இல் பூனேயில் ஒளிப்பதிவு படித்து முடித்தார். அங்கே எடுத்த டிப்ளோமாப் படத்தைப் பார்த்துத்தான் மலையாள இயக்குநர் ராமு காரியாட் அவரை 'நெல்லு'வுக்கு ஒளிப்பதிவாளராக அழைத்தார். அது வெளிவந்தது 1974இல். தானே இயக்கிய முதல் படம் 'கோகிலா', கன்னடத்தில், 1977. படித்து முடித்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அவரைத் தேடி வந்தவர் பார்த்தது சான்றிதழை இல்லை, ஒரு படத்தை. அப்புறம், அவரிடம் உதவி இயக்குநர்களாக இருந்த பாலாவும் வெற்றிமாறனும் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் அல்லர். அவர் பக்கத்தில் நின்று பழகியவர்கள்.

என் கணக்கில் ஒரு நல்ல கல்லூரி தருவது மூன்று. உங்கள் படத்தில் வேலை செய்தே ஆகவேண்டிய ஆட்கள், தள்ளிப்போட முடியாத ஒரு திகதி, "இந்தக் காட்சி தேவையில்லை, வெட்டு" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒருவர். லென்ஸ், லைட்டிங் பாடமெல்லாம் யூடியூப்பில் கொட்டிக் கிடக்கிறது. இந்த மூன்றும்தான் அங்கே கிடைக்காது. ஆகவே நம்ம ஊரிலிருந்து கிளம்புகிற ஒருவருக்கு இவை எந்த வழியில், என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பார்ப்போம்.

முதலில் கடல் தாண்டுவது. பூனே நிறுவனம் 1960இலிருந்து இயங்குகிறது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி எல்லாம் பட்டம் முடித்தவர்களுக்கான மூன்று வருடப் படிப்பு. நுழைவுத் தேர்வு உண்டு, வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் வேறு. அது கிடைக்காதவர்கள் சென்னையில் தனியார் பயிற்சி நிலையங்களைத் தேடுவார்கள். என்னோடு உயர்தரம் படித்த ஒருவன் அப்படி ஒன்றுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். 2022 வந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. அவன் வங்கிப் புத்தகத்தில் இருந்த தொகை அப்படியேதான் இருந்தது, ஆனால் ஒரு வருடப் படிப்பு பாதி வருடமாகச் சுருங்கிவிட்டது. தாயின் காப்பைக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் போனான்.

திரும்பி வந்தவனிடம் "என்னடா படிச்ச?" என்று கேட்டேன். பாடத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை. கூடப் படித்த ஆறு பேரைப் பற்றித்தான் பேசினான். ஒருவன் படத்துக்கு மற்றவன் கமரா, இன்னொருவன் படத்துக்கு இவன் எடிற்றிங் என்று மாறிமாறி உழைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் தொகுத்த படம் ஒன்றை அனுப்பினால் இரவோடிரவாகத் திட்டி பதில் வரும். அது பெரிய சொத்து. ஆனால் அந்த ஆறு பேரும் சென்னையில், இவன் ஏறாவூரில். இங்கே ஒரு லைட் இரவல் கேட்கக்கூட அவனுக்கு ஆள் தெரியவில்லை. வெளியே போய்ப் படிப்பதன் பெரிய செலவு எனக்கு இதுவாகத்தான் படுகிறது.

கொழும்பில் வார இறுதி டிப்ளோமாக்கள் இருக்கின்றன. நான் ஒன்றுக்குப் போனேன். இரவு ரயிலில் போய்வந்த பயணச் செலவையும் நேரத்தையும் கூட்டினால் ஒரு குறும்படம் எடுத்திருக்கலாம். கடைசி நாள் சான்றிதழோடு நின்று படம் பிடித்தோம், அந்தப் பயிற்சியில் நாங்கள் பிடித்த ஒரே படம் அதுதான். எல்லா இடமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சேருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: முடிக்கும்போது என் கையில் எத்தனை நிமிடப் படம் இருக்கும்?

உள்ளூரில் கல்லடி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். கட்டணம் இல்லை, உயர்தரப் புள்ளி வேண்டும். அதன் பெயர் இசை, நடனம், நாடகம், கட்புலக் கலைகளுக்குத்தான், சினிமாவுக்கு என்று யாரும் அங்கே போவதில்லை. ஆனாலும் மேலே சொன்ன மூன்றில் முதலாவது, ஆட்கள், அங்கேதான் நிறைந்து கிடக்கிறார்கள். உடம்பைப் பயன்படுத்தத் தெரிந்த நடிகர்கள், மெட்டுப் போடத் தெரிந்தவர்கள், வண்ணம் தெரிந்தவர்கள். மாணவராகச் சேராமலேயே அவர்களோடு பழகலாம், யாரும் வாசலில் மறிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வடமோடிக் கூத்தில் பழகியவர் களரியின் கடைசி ஆளுக்கும் கேட்கவேண்டும் என்று பேசுவார். குளோசப்பில் அது இடி. கூத்துப் பழக்கும் எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரை நடிக்க வைத்தபோது "பக்கத்தில பேரப்பிள்ள நித்திர கொள்ளுது என்று நினைச்சுப் பேசுங்கோ" என்றேன். அதன்பிறகு அந்த மனிதர் கண்ணிமைப்பதைக்கூட அளந்து செய்தார். கூத்துக்காரர்களுக்கு ஒத்திகை அலுக்காது. மாதக்கணக்கில் இரவிரவாக ஆடிப் பழகி, சதங்கை அணிவித்து, அதற்கப்புறம்தான் அரங்கேற்றத்துக்கு வருகிறவர்கள். சினிமாப் பிள்ளைகள் இரண்டாவது டேக்குக்கே முகம் சுளிப்பார்கள்.

இனி, யாரும் பெருமையாகச் சொல்லாத வழி: கல்யாண வீடியோ. நான் வாழைச்சேனைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் ஒன்றரை வருடம் நின்றேன். முதல் நாலு மாதம் என் கையில் கமராவே இல்லை. லைட்டைத் தூக்கிப் பிடிப்பதுதான் வேலை. கையுளைந்துபோகும். ஆனால் அந்த நாலு மாதத்தில்தான், லைட்டை ஒரு முழம் பக்கவாட்டில் நகர்த்தினால் ஒரு முகம் எப்படி மாறுகிறது என்று என் கண்ணால் பார்த்தேன். சாமத்திய வீட்டில் ஆரத்தி எடுக்கும்போது 'இன்னொருக்கா எடுங்கோ' என்று கேட்க முடியாது. எங்கே நிற்பது என்று முன்கூட்டியே ஊகிக்கப் பழகுகிறீர்கள். திகதியும் தள்ளிப்போகாது, வீட்டுக்காரர் அல்பத்தையும் வீடியோவையும் கேட்டு வாசலில் நிற்பார். மேலதிகமாகச் சம்பளம் வருகிறது, எந்தக் கல்லூரியும் அதைத் தராது.

கெடுதலும் இருக்கிறது. கல்யாண வீடியோ சத்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மேலே பாட்டைப் போடும் தொழில். ஒன்றரை வருடம் அதில் நின்றவனுக்குக் காது செத்துவிடும். எதைப் பார்த்தாலும் ஸ்லோமோஷனில் எடுக்கக் கை போகும். "வெட்டு" என்று சொல்லவும் அங்கே ஆளில்லை. மாமியின் முகம் ஒரு இடத்தில் விடுபட்டாலே பிரச்சினை, எதை வெட்டுவது?

என் காது செத்திருந்தது என்று முதல் படத்தில்தான் தெரிந்தது. ஆற்றங்கரையில் மகனுக்காகக் காத்திருக்கும் தாய், என் பெரியம்மாதான் நடித்தார். போனில் எடுத்தோம், மைக்கும் போனுடையதுதான். நடுவில் ஒரு வசனத்தை அவர் அப்படியே உடைந்துபோய்ச் சொன்னார். முடித்துவிட்டு "மறுகா ஒருக்காச் சொல்லவா மனே?" என்று கேட்டார். "வேணாம், அதுதான் வேணும்" என்று துள்ளினேன். இரவு ஹெட்போனைப் போட்டுக் கேட்டால் காற்று, காற்று, அதற்கடியில் எங்கேயோ பெரியம்மா. மூன்று வாரம் கழித்து அறைச் சுவரெல்லாம் பெட்ஷீட் கட்டி அவரை டப்பிங் பேச வைத்தேன். வசனம் சரியாக இருந்தது. அந்தக் குரல் வரவில்லை.

ஆகவே போனோடு தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு: காசிருந்தால் முதலில் மைக், அப்புறம் மைக், பிறகுதான் மற்றதெல்லாம். எடுத்து முடித்த ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் வாய்மூடச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதியுங்கள், எடிற்றிங்கில் ஓட்டை அடைக்க உதவும். எடிற்றிங்குக்கு டாவின்சி ரிசோல்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஒரு குறும்படத்துக்குத் தாராளம். போனில் ஷட்டரைக் கையால் அமைக்கும் செயலி ஒன்றைப் போட்டு நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் அடியில் படம் துடிக்காது. பகல் வெயிலில் 1/50 என்றால் எல்லாம் வெளுத்துப்போகும், அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி, என்.டி. பில்டர், ஒன்று வேண்டும். கல்லடிப் பாலத்தின் மேல் ட்ரோன் ஷொட் வேண்டாம், எல்லார் படமும் அதில்தான் தொடங்குகிறது.

போன் வழிக்கு எல்லாரும் ஷோன் பேக்கரின் 'டேஞ்சரின்' படத்தைக் காட்டுவார்கள். 2015இல் வந்தது, ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தது. உண்மைதான், ஆனால் அவர் நியூயோர்க்கில் திரைப்படம் படித்தவர், அது அவருடைய ஐந்தாவது முழுநீளப் படம். கல்லூரி வேண்டாம் என்பதற்கு கிறிஸ்டோபர் நோலனைக் காட்டுவார்கள். அவர் படித்தது ஆங்கில இலக்கியம், அதுவும் உண்மைதான். ஆனால் பல்கலைக்கழகத் திரைப்படச் சங்கத்தின் கருவிகளோடும் நண்பர்களோடும் பழகியவர். முதல் படத்தை ஒரு வருடமளவில் சனிக்கிழமைகளில் எடுத்தார், பிலிம் வீணாகக்கூடாது என்று முன்பே நன்றாக ஒத்திகை பார்த்துக்கொண்டு. தனியாகக் கிளம்பியவர் என்று நாம் சொல்கிறவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருந்திருக்கிறது.

உயர்தரம் முடித்த தம்பி ஒருவன் களுவாஞ்சிகுடியிலிருந்து கேட்டான், "அண்ணா, எதுக்குப் போக?" கல்லடியில் இடம் கிடைத்தால் விடாதே என்றேன். கிடைக்காவிட்டால் ஒரு வருடம் ஸ்டூடியோ, அந்த வருடத்துக்குள் போனில் இரண்டு படம், இரண்டையும் சென்னையில் படித்து வந்த நம்ம ஏறாவூர்க்காரனிடம் அனுப்பித் திட்டு வாங்கு. பூனே ஆசையை அப்புறமும் வைத்துக்கொள்ளலாம், எப்படியும் பட்டம் முடிக்காமல் அங்கே முடியாது.

ஸ்டூடியோவில் கமரா இரவல் கேட்பதற்கும் ஒரு காலம் இருக்கிறது. மார்கழியிலும் ஆடியிலும் நம் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை, கருவிகள் அலுமாரிக்குள் சும்மா கிடக்கும், முதலாளியின் மனமும் இளகியிருக்கும். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் ஸ்டூடியோக்களுக்குக் கணக்கு வேறு, அங்கே நோன்பு மாதம் பாருங்கள். மார்கழி நமக்கு அடைமழை, வெளியே கமராவை நீட்ட முடியாது. மிஞ்சுவது ஆடி. அப்போது ஊரெல்லாம் கச்சான் காற்று அடிக்கும், எனவே கமராவோடு மைக்குக்குப் போடுகிற அந்தப் பஞ்சு உறையையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களிடம் அது இருக்காது. பெரியம்மாவிடம் ஒரு பழைய கம்பளித் துண்டு இருந்தது, நான் அதைத்தான் சுற்றிக் கட்டுகிறேன்.