பைக் ஆடியோ ட்யூனிங்: மல்டிமீட்டரா, செல்போன் ஆப்பா, அளவு மைக்கா?

பைக்கில் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் மாட்டி முடித்தவர் அடுத்துக் கேட்பது, "ட்யூன் பண்ண எந்தக் கருவி வாங்கலாம்?" என்பதுதான். எங்கள் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் காசு மல்டிமீட்டருக்கு. இரண்டாவது காசு ஒலியை அளப்பதற்கென்றே செய்த யூஎஸ்பி அளவு மைக்குக்கு. செல்போன் ஆப் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதற்கும் வேலை உண்டு. அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை, கடை வைத்திருப்பவர் மட்டும் வாங்கினால் போதும். கடைக்காரர்கள் பலர் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். ஆப்பில் ஆடும் பட்டைகளைக் காட்டினால் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும், அதுதான் காரணம்.

கோல்டுவிங், ஸ்ட்ரீட் கிளைடு மாதிரி கம்பெனியிலேயே ஆடியோவோடு வரும் வண்டியை நெல்லைப் பக்கம் பார்ப்பது அபூர்வம். இங்கே புல்லட்டின் சைடு பாக்ஸில் ஆறரை இஞ்ச் ஜோடி, ஹேண்டில்பாரில் நாலு இஞ்ச் ஜோடி, எக்ஸ்எல்லில் மீன் விற்கக் கட்டிய ஹார்ன் என்றுதான் ஓடுகின்றன. இவற்றை மனதில் வைத்தே ஒப்பிடுகிறோம்.

மல்டிமீட்டர், ஆசிலாஸ்கோப்: கெய்ன் வைக்க எது?

கெய்ன், அதாவது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது, தப்பாக இருந்தால் மேற்கொண்டு எடுக்கும் அளவெல்லாம் வீண். அதனால் இதுதான் முதல் வேலை. முதலில் ஒரு கணக்கு. வண்டி ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும். உள்ளே வோல்டேஜை ஏற்றும் பகுதி இல்லாத பிரிட்ஜ் ஆம்ப் (ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் எதிரெதிராக ஓட்டும் வகை), அந்த 14 வோல்ட்டில் அதிகபட்சம் 9.9 வோல்ட் ஆர்எம்எஸ்தான் (உச்ச வோல்டேஜை 1.414-ஆல் வகுத்தது) சுத்தமாகத் தர முடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 24 வாட். டிரான்சிஸ்டர்களில் போகும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறையும். அட்டைப் பெட்டியில் 500 வாட், 1000 வாட் என்று எழுதியிருப்பது அச்சுக்காரரின் தாராளம். டிபிஏ3116 சிப் போட்ட சின்ன போர்டுகளும் இந்தக் கணக்கில்தான் வரும். அதன் 50 வாட் 21 வோல்ட் சப்ளைக்குச் சொன்னது. 12 வோல்ட்டில் 4 ஓமுக்கு 18 வாட்டே உச்சம்.

செய்முறை இது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 4 ஓம், 50 வாட் அலுமினிய உறை போட்ட ரெசிஸ்டரை மாட்டுங்கள். 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் போட்டால் கொஞ்ச நேரத்தில் புகையும். ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். இஞ்சினை ஐடிலில் ஓட விட்டு, போனில் 400 ஹெர்ட்ஸ் சைன் டோனை முழு அளவில் பதிந்த ஃபைலாக ஓட்டி, வால்யூமை எண்பது சதவீதத்தில் நிறுத்துங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துக் கெய்னை மெல்ல ஏற்றி 8 வோல்ட்டில் நிறுத்துங்கள். 4 ஓமில் அது 16 வாட். சிக்னலில் நிற்கும்போது பேட்டரி 12.6-க்கு இறங்கினாலும் அந்த 8 வோல்ட் உடையாமல் வரும்.

400 ஹெர்ட்ஸ் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. விலை குறைந்த மீட்டர்களின் ஏசி அளவு பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகம். 1000 ஹெர்ட்ஸ் டோன் போட்டால் பல மீட்டர்கள் குறைத்துக் காட்டும். நீங்கள் அதை நம்பிக் கெய்னை இன்னும் ஏற்றிவிடுவீர்கள். 50 ஹெர்ட்ஸ் போட்டால் ஆம்ப்பில் ஹைபாஸ் (அடிக்குரலை வெட்டும் வடிகட்டி) ஆன் ஆகியிருக்கும்பட்சம் அதுவும் பொய்.

மீட்டருக்குத் தெரியாத ஒன்று, அலையின் தலை வெட்டுப்படுகிறதா என்பது. கிளிப்பிங் தொடங்கிய பிறகும் ஆர்எம்எஸ் ஏறிக்கொண்டேதான் போகும். முள்ளோ எண்ணோ ஏறுவதை வைத்து "இன்னும் இடம் இருக்கு" என்று நினைக்கக் கூடாது. கணக்குப் போட்ட 8 வோல்ட்டில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு.

ஆசிலாஸ்கோப் இங்கே ஜெயிக்கிறது. அலையின் உச்சி தட்டையாகும் இடத்தைக் கண்ணால் பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்தலாம். டிஎஸ்ஓ138 மாதிரி சின்ன கிட் இந்த வேலைக்குத் தாராளம். ஆனால் பைக் ஆம்ப்பில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பிரிட்ஜ் ஆம்ப்பின் இரண்டு ஸ்பீக்கர் ஒயரிலும் சப்ளையில் பாதி, சுமார் 6, 7 வோல்ட் டிசி நிற்கும், மைனஸ் என்று எழுதிய ஒயரிலும்கூட. ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அதில் மாட்டி, அந்த ஸ்கோப்புக்கோ அதோடு இணைந்த லேப்டாப்புக்கோ வண்டி பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால், அந்த ஒயர் நேரே சேசிஸுக்கு ஷார்ட் ஆகிவிடும். ஆம்ப் ஐசி அதோடு முடிந்தது. ஸ்கோப்பைத் தனி பேட்டரியில் ஓட்டுங்கள், வேறு எதிலும் இணைக்காதீர்கள். மல்டிமீட்டரில் இந்த ஆபத்தே கிடையாது.

இதற்காக மட்டும் ஸ்கோப் வாங்க வேண்டியதில்லை. அளவு மைக் வாங்கப் போகிறீர்கள் என்றால் அதுவே கிளிப்பிங்கைக் காட்டும். ஸ்பீக்கரை மாட்டி, 400 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கெய்னை ஏற்றுங்கள். திரையில் 1200, 2000 ஹெர்ட்ஸ் இடங்களில் கிடக்கும் சின்ன முளைகள் திடீரென்று எழும்பினால் அங்கேதான் வெட்டு தொடங்குகிறது.

மல்டிமீட்டர் இன்னொரு வேலைக்கும் கட்டாயம் வேண்டும். 2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது. சின்ன வண்டியின் சார்ஜிங்கில் மிச்சம் இருப்பதே கொஞ்சம். ஹெட்லைட் எரிய, பாட்டு ஓட, ஐடிலில் பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், டவுனுக்குள் தேர்க் கூட்டத்தில் ஊர்ந்து வரும் நாளில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எந்த ஈக்வலைசரும் இதைச் சரிசெய்யாது.

செல்போன் ஆப், அளவு மைக்: எதை நம்ப?

போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. அடிக்குரலை வெட்டும், சத்தம் கூடினால் தானாகவே குறைக்கும், பின்னணி இரைச்சலை நீக்கப் பார்க்கும். ஆண்ட்ராய்டு 7 முதல் இந்தத் திருத்தங்கள் இல்லாத ஒலியைக் கேட்டு வாங்க ஆப்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் எல்லா போனும் கொடுப்பதில்லை. ஐபோன்கள் இந்த விஷயத்தில் ஓரளவு ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் தன் இலவச ஒலிமானி ஆப்பை ஐபோனுக்கு மட்டும் வெளியிட்டிருப்பதும் இதனால்தான்.

எனவே ஆண்ட்ராய்டில் ஸ்பெக்ட்ராய்டு மாதிரி ஆப்பைத் திறந்து, "100 ஹெர்ட்ஸ் கம்மியா இருக்கு" என்று பாஸை ஏற்றுவது சுத்தத் தப்பு. கம்மியாக இருப்பது போன் மைக்கில். இப்படி 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்பிடம் நாலு மடங்கு வாட் கேட்கிறீர்கள். 16 வாட் ஆம்ப் 64-க்கு எங்கே போகும்? கிளிப் ஆகும், கோன் பொருமும்.

போன் உருப்படியாகச் செய்யும் வேலை, ஒன்றோடொன்றை ஒப்பிடுவது. போனை டேங்க் மேல் ஒரே இடத்தில் டேப் போட்டு ஒட்டி, பிங்க் நாய்ஸை (அடி முதல் உச்சி வரை எல்லா ஒலியும் கலந்த சோதனை இரைச்சல்) இடது மட்டும், பிறகு வலது மட்டும் ஓட்டுங்கள். ஆப்பின் திரையில் வரும் இரண்டு கோடும் 2 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்க ட்வீட்டர் செத்திருந்தால் உடனே தெரியும். சைடு பாக்ஸ் மூடி அதிரும் இடத்தைப் பிடிக்கவும் போன் போதும்.

அளவு மைக்கில் இரண்டு வகை. டேட்டன் ஐஎம்எம்-6 போனின் ஹெட்போன் ஓட்டையில் மாட்டுவது. புதுப் போனில் ஓட்டையே இல்லை. அடாப்டர் போட்டால் சில அடாப்டர்கள் மைக் சிக்னலை விடுவதில்லை. அதற்கு யூஎஸ்பி-சி முனை வைத்த மாடல் இருக்கிறது. மினிடிஎஸ்பி யூமிக்-1 லேப்டாப்பில் மாட்டுவது. இரண்டுக்கும் சீரியல் எண் போட்டால் அந்த ஒரு மைக்குக்கே உரிய கேலிபரேஷன் ஃபைல் (மைக்கின் பிழையைத் திருத்தும் பட்டியல்) கிடைக்கும். நீங்கள் கொடுக்கும் காசு பெரும்பாலும் அந்த ஃபைலுக்குத்தான். எங்கள் ஓட்டு யூமிக்குக்கு. ஆர்.இ.டபிள்யூ இலவச மென்பொருள் அதை மாட்டியதும் அடையாளம் கண்டுகொள்ளும். யூமிக்குக்கு இரண்டு ஃபைல் வரும். மைக்கை ஸ்பீக்கரை நோக்கி நீட்டினால் 0 டிகிரி ஃபைல், வானத்தைப் பார்த்து நிறுத்தினால் 90 டிகிரி ஃபைல். மாற்றிப் போட்டால் ட்ரெபிள் அளவு தவறும்.

அளவெடுக்கும் இடம் முக்கியம். தகர ஷெட்டுக்குள் எடுத்தால் ஷெட்டைத்தான் அளப்பீர்கள். சுற்றிலும் ஐந்து மீட்டருக்குச் சுவர் இல்லாத பொட்டல் போதும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று பகல் முழுக்க வீசும், விடியற்காலையில் முடித்துவிடுங்கள். மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி கட்டாயம்.

ஓட்டுபவர் வழக்கம்போல் சீட்டில் உட்கார வேண்டும். ஆள் இல்லாத வண்டியின் அளவு வேறு. பிங்க் நாய்ஸை ஓட விட்டு, ஆர்.இ.டபிள்யூவில் சராசரி எடுக்கும் நிலையில், பின்னால் நிற்பவர் மைக்கை அவர் இரு காதுகளையும் சுற்றி ஒரு சாண் வட்டத்தில் ஒரு நிமிடம் மெல்ல நகர்த்தட்டும். இடது, வலது, இரண்டும் சேர்த்து என்று மூன்று கோடு எடுங்கள். சேர்த்த கோடு அடிப்பகுதியில் தனிக் கோடுகளைவிட 6 டெசிபல் பக்கம் உயர வேண்டும். தாழ்ந்தால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறிக் கிடக்கிறது. "பாஸே வரலை" என்று கடைக்கு வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். காரில் டைம் டிலேயோடு (கிட்ட இருக்கும் ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றுத் தாமதிப்பது) மல்லுக்கட்டுவது போல் இங்கே வேண்டாம். ஓட்டுபவர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் தூரம் ஒன்றே.

கோட்டில் மேடும் பள்ளமும் தெரியும். மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். 1000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குறுகிய பள்ளம் இருந்தால் அது பெரும்பாலும் டேங்கில் பட்டுத் தெறித்த ஒலி 17 சென்டிமீட்டர் சுற்றி வந்து நேர் ஒலியை அடித்ததாக இருக்கும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் பள்ளம் இடம் மாறும். அதை ஈக்வலைசரால் நிரப்பினால் வாட்தான் வீண். மாறாக, சைடு பாக்ஸ் ஸ்பீக்கரில் 100-க்கும் 200-க்கும் இடையே எழும் அகன்ற மேட்டை 5, 6 டெசிபல் வெட்டினால் குரல் பளிச்சென்று வெளியே வரும். ஏற்றுவது எங்கேயும் 3 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஆறரை இஞ்சுக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸில் ஹைபாஸ், நாலு இஞ்சுக்கு 150. திறந்த வெளியில் அதற்குக் கீழே எதிர்பார்ப்பது பேராசை. மீன் வண்டி ஹார்னுக்கு 300-இல் வெட்டினால் போதும். யூனிட்டின் டயஃப்ரம் கிழியாது, "சாளை, நெத்திலி" என்பதும் தெளிவாகக் கேட்கும்.

ஆம்ப்பில் டிஎஸ்பி (ஒலியைத் திருத்தும் சிப்) இல்லையென்றால் பவர்ஆம்ப் மாதிரி போன் ஆப்பில், எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு என்று நாமே குறிக்கும் பாராமெட்ரிக் ஈக்வலைசரில் இதே எண்களைப் போடலாம்.

காது எங்கே ஜெயிக்கிறது

ஓடும் வண்டியில் மைக் தோற்றுவிடும். அதன் மேல் மோதும் காற்றே பெரிய சத்தமாகப் பதியும். காதருகே காற்றிரைச்சல் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே 90 டெசிபல் பக்கம் வரும், அதுவும் பெரும்பகுதி அடிக்குரலில். ஹெல்மெட் ட்ரெபிளை அமுக்கும். ஆக மிஞ்சுவது நடு ஒலி. நின்ற இடத்தில் சமமாக்கிய பிறகு 2000 முதல் 5000 வரை 2, 3 டெசிபல் ஏற்றி, ஹெல்மெட் போட்டு வள்ளியூரிலிருந்து பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரை ஓட்டிப் பாருங்கள். பக்கக் காற்று அங்கே போதும் போதும் என்று கிடைக்கும். கேட்க நல்ல சரக்கு வில்லுப்பாட்டுப் பதிவு. குடத்தின் அடி, உடுக்கை, ஜால்ரா, பாடுபவர் குரல் நாலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஜால்ரா காதைக் குத்தினால் ஏற்றியதில் ஒன்றைக் குறையுங்கள். குடம் கேட்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அந்த வேகத்தில் அது கேட்காது. ஊருக்குள் ஒன்று, நாற்கரச் சாலைக்கு ஒன்று என இரண்டு பிரிசெட் (சேமித்த ஈக்வலைசர் அமைப்பு) வைப்பது நல்லது.

ஊருக்குள் எவ்வளவு சத்தம் என்பதற்குக் காதும் போன் ஆப்பும் சாட்சி ஆகாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். ஹைகிரவுண்ட் மருத்துவமனையும் தெருவுக்கொரு பள்ளியும் இருக்கும் பாளையங்கோட்டையில் அப்படி அறிவித்தால் பாதி ஊர் அதில் அடங்கிவிடும்.

கடைசியாக, எடுத்த மூன்று கோடுகளையும் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். மழைக்காலம் முடிந்து திரும்ப எடுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் 3 டெசிபல் இறங்கியிருந்தால் ஈக்வலைசரைத் தொடாதீர்கள், கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உவரி, கூட்டப்புளி பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக் காற்றில் கிரிம்ப் (ஒயரை நசுக்கிப் பிடித்த முனை) பச்சை பூத்திருக்கும். வெட்டிவிட்டுப் புதிதாக ஈயம் பற்றவைத்து, மேலே சுருங்கும் டியூப் போட்டால் கோடு பழைய இடத்துக்கு வந்துவிடும்.