போர் விளையாட்டு அச்சிடக் கொடுக்கப் போகிறவர்கள் வாசிக்கவும்

சரித்திரச் சண்டைகளை மேசைப் போர் விளையாட்டாகச் செய்கிறவர்கள் நம் பக்கத்தில் ஒரு சிலர்தான், அந்த ஒரு சிலருக்காகவே இதை எழுதுகிறேன். கொழும்பில் ஒரு அச்சகம் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டது. காய்த் தாள் என்பது விளையாட்டுக் காய்களை அச்சிட்டு வெட்டுகிற அட்டை. "காய்த் தாள் இரண்டு பக்கமும் அடித்து, வெட்டும் அச்சு வைத்து வெட்டித் தருவோம், வெளிநாட்டுக்கே செய்கிறோம்" என்று யாராவது சொன்னால் உடனே காசு கட்டாதீர்கள்.

எங்கள் விளையாட்டு 1782 செப்டெம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே கடலில் நடந்த சண்டை. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனிடம் 14 பெரிய போர்க்கப்பல், ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 12. ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடம் பிடித்த திருகோணமலைக் கோட்டைகளை ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரன் பிடித்துவிட்டார், ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? அதற்காகத்தான் உவர்மலையில் கூடி, தென்மேற்குக் காற்றுக்கு விதி எழுதி, திரும்பத் திரும்ப விளையாடித் திருத்தினோம்.

அச்சகத்தில் மாதிரி கேட்டோம். அழகான ஒரு காய்த் தாளைக் காட்டி, தாங்களே வெட்டியது என்றார்கள். எங்கள் ஃபைலிலிருந்தே ஒரு தாள் வெட்டிக் காட்டச் சொன்னதற்கு, வாட்ஸ்அப்பில் முன்பக்கப் படம் மட்டும் வந்தது, பின்பக்கம் "நாளைக்கு" என்றார்கள். அந்த நாளை வரவேயில்லை, நேரே பெட்டிகள்தான் வந்து இறங்கின.

காயின் முன்பக்கம் முழுப் பலம், பின்பக்கம் அடிபட்ட நிலை. சுஃப்ரனின் ஏரோ கப்பல் அன்று நடுப் பாய்மரத்தை இழந்தது, அதனால் அதன் பின்பக்கத்தை அந்த மரம் இல்லாமல் வரைந்திருந்தோம். வந்த காயைத் திருப்பினால் பாதி ஏரோ, மீதி பக்கத்துக் கப்பலின் எண். எல்லாத் தாளும் அப்படித்தான்.

காய்களை வைத்து நகர்த்துகிற வரைபடம் இன்னும் மோசம். காய் அரை அங்குலச் சதுரம், மூலைக்கு மூலை 18 மில்லிமீற்றர். கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்றுதான் அறுகோணக் கட்டத்தை 19 மில்லிமீற்றர் வைத்தோம். அவர்கள் தங்கள் தாளுக்குள் அடங்குவதற்காக, ஒரு வார்த்தை கேட்காமல் 16 ஆகச் சுருக்கிவிட்டார்கள். இப்போது வரிசையில் ஒரு கப்பலைத் திருப்பினால் பக்கத்துக் கப்பலைத் தட்டுகிறது. கடற்சண்டை விளையாட்டில் கப்பலைத் திருப்ப முடியாவிட்டால் வேறென்ன இருக்கிறது?

கேட்டபோது முதலில் "உங்கள் ஃபைல் பிழை" என்றார்கள். வெட்டுக் குறிகள் இரண்டு பக்கத்திலும் சரியாக இருப்பதைக் காட்டினோம். அப்புறம் "தம்பி, விளையாட்டுச் சாமான்தானே, பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்குமா" என்று ஒரு பதில். இப்போது ஃபோனே எடுப்பதில்லை. அவர்கள் காட்டிய மாதிரித் தாள் வெளிநாட்டில் வெளியான ஒரு விளையாட்டினுடையது என்பதை, அதே பெட்டியை வீட்டில் வைத்திருக்கிற நண்பர் ஒருவர் அந்த மாதிரியின் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். எனக்குத் தாங்க முடியாதது அந்தப் பொய்தான், இயந்திரப் பிழை என்றால் மன்னிக்கலாம்.

கொடுக்கப் போகிறவர்கள், உங்கள் ஃபைலில் வெட்டிய தாள் கைக்கு வரும்வரை முற்பணத்துக்கு மேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். காயின் மூலையில் குண்டூசியைக் குத்திப் பின்பக்கம் எங்கே வருகிறது என்று பாருங்கள். வரைபடத்தின் ஓரத்தில் 10 சென்றிமீற்றர் கோடு ஒன்று போட்டுவிடுங்கள், அடிமட்டம் வைத்தால் சுருக்கினார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது சட்டம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், நாங்கள் கொடுத்துவிட்டோம். விசாரணை முடியும்வரை அச்சகத்தின் பெயரை இங்கே போடவில்லை.

முன்பதிவு செய்தவர்களுக்கு இந்தக் காய்களை அனுப்ப மாட்டோம். காத்திருக்க முடியாதவர்கள் சொல்லுங்கள், காசைத் திருப்பிப் போட்டுவிடுகிறோம்.