சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க நகரப் பேருந்தே போதும்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். அங்கே உறவினர் வீட்டில் தங்கி, அவர்கள் காட்டும் இடங்களைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஒரு வகை. வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ உள்ள சுற்றுலா முகவரிடம் மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டு, ஏறு என்றால் வேனில் ஏறி, இறங்கு என்றால் இறங்கி, மெர்லயன் சிலை முன்னால் கூட்டமாக நின்று படமெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் மற்றொரு வகை. இரண்டிலும் சேராமல், கையில் ஒரு வங்கி அட்டையும் காலில் நல்ல செருப்பும் இருந்தால் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மதிப்பிட எடுத்துக்கொண்டது அந்நகரத்தின் பொதுப் போக்குவரத்துச் சேவை. பெருவிரைவு ரயிலுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன், பேருந்துக்கு நாலரை. ரயிலின் புகழ்தான் எங்கும் பரவியிருக்கிறது என்றாலும், ஊர் பார்க்க வந்தவருக்குப் பேருந்துதான் கூடுதலாகப் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

புறப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது என்பதால், நம்மவர்கள் திருச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போயாக வேண்டும். திருச்சியிலிருந்து நேரடி விமானங்கள் அதிகம். வள்ளியூர், நாகர்கோவில் பக்கத்தாருக்குத் திருவனந்தபுரம் கிட்டம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூர் அரசு அதற்கு வாங்கும் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதற்கு மேல் முகவர் கேட்பது அவருடைய கூலி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்கு அந்நாட்டு அரசு ஒரு காசும் வாங்குவதில்லை. அதற்கும் தனியாக ஒரு தொகையைக் கணக்கில் சேர்த்த முகவரை நம்மூரிலேயே கண்டேன். அந்த அட்டையைக் கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். உறவினருக்கு அல்வா கொண்டுபோகலாம், தடையில்லை. சூயிங்கம், மெல்லும் புகையிலை, மின்சிகரெட் ஆகியவற்றைப் பெட்டியில் வைக்கவே கூடாது. மசாலாப் பொட்டலங்களோடு கசகசாவை அனுப்பிவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அங்கே அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வரும் பொருள் என்பதால், பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இனிப் போக்குவரத்துக்கு வருவோம். அங்கே ரயிலுக்கும் பேருந்துக்கும் பயணச்சீட்டு என்ற தாள் வாங்க வேண்டிய தேவையே இல்லை. தொடாமல் பணம் செலுத்தும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் கருவியில் காட்டினால், தொலைவைக் கணக்கிட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். 2020-ல் வந்த ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடாமல் செலுத்தும் வசதியும் தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் இரண்டையும் நாமே இயக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். ரூபே அட்டையை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஓர் அட்டைக்கு ஒருவர்தான்; கணவர் தம் அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போய், அதையே மனைவிக்கு நீட்டுவது நடக்காது. வெளிநாட்டு அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணமும் சேரும். நம் வங்கி போடும் அந்நியச் செலாவணிக் கட்டணம் அதற்கு மேல். ஆகவே குடும்பமாகப் போகிறவர்களும் ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்களும் ரயில் நிலையத்திலேயே ஈஸி-லிங்க் அட்டையை ஆளுக்கொன்று வாங்கிப் பணம் நிரப்பிக்கொள்வது மேல். வங்கி அட்டையில் இன்னொரு குறை: எவ்வளவு கழிந்தது என்பதை வாயிற்கதவு காட்டுவதில்லை. கணக்குப் பார்த்தே பழகிய நம்மவர்களுக்கு இது சற்று உறுத்தும்.

கட்டணத்தைப் பற்றி உறுத்த ஒன்றுமில்லை. நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ரயிலில் போனாலும் மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும். பேருந்திலிருந்து ரயிலுக்கோ வேறு பேருந்துக்கோ 45 நிமிடங்களுக்குள் மாறினால், அதைப் புதிய பயணமாகக் கொள்ளாமல் மொத்தத் தொலைவுக்கும் ஒரே கணக்காகப் போடுகிறார்கள். இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தால், அந்தப் பேருந்து கடைசி நிறுத்தம்வரை போவதற்கான கட்டணம் முழுவதும் பிடிக்கப்படும்.

ரயில் சேவை 1987 நவம்பரில் தொடங்கியது. வடகிழக்குத் தடம் 2003-லிருந்தே ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. முதல் பெட்டியின் முன்கண்ணாடி அருகே நின்றால் சுரங்கப்பாதை நம்மை நோக்கி வருவதைப் பார்க்கலாம், குழந்தைகளுக்கு அது ஒரு வேடிக்கை. நிலையப் பெயர்கள் தமிழிலும் எழுதப்பட்டிருக்கின்றன. மேடை இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் அறிவிப்பும் தமிழில் ஒலிக்கிறது. உள்ளே எதையும் உண்ணவோ பருகவோ கூடாது, தண்ணீரும் இதில் அடக்கம். அபராதம் 500 வெள்ளிவரை போகலாம். நகரும் படிகளில் இடப்பக்கம் நின்றுகொண்டு, விரைந்து போகிறவர்களுக்கு வலப்பக்கத்தை விட்டுவிட வேண்டும். இவையெல்லாம் எளிதில் பழகிவிடும். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணங்கள் வேறு. நகரின் நடுப்பகுதியில் தடங்கள் பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலேயே ஓடுவதால், ரயிலிலேயே சுற்றுகிறவர் நகரத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறார். மேலும் டோபி காட் போன்ற சந்திப்பு நிலையங்களில் ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற நடக்க வேண்டிய தூரம் சிறியதன்று. எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு என்றாலும், முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு அந்த மின்தூக்கியைத் தேடிப் போவதே ஒரு நடைதான்.

பேருந்துக்கு வருகிறேன். இங்கே நடத்துநர் இல்லை, விசில் இல்லை, சில்லறைத் தகராறும் இல்லை. நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தால் மட்டும் போதாது. நமக்கு வேண்டிய எண் வரும்போது கையை நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிற்காமல் போய்விடக்கூடும். முன்கதவில் ஏறி, பின்கதவில் இறங்க வேண்டும். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட வேண்டும். காசாகக் கொடுக்கலாம், ஆனால் பெட்டியில் போட்டதற்கு மீதி கிடைக்காது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. வரைபடச் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று தெரிந்துவிடும், அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. எல்லாப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டு. ஓட்டுநரே இறங்கி வந்து, அதை விரித்து, பயணியை ஏற்றி, நாற்காலியை உரிய இடத்தில் நிறுத்திய பிறகுதான் வண்டியை எடுக்கிறார். பின்னால் எத்தனை வண்டி நின்றாலும் ஒருவரும் ஒலிப்பானை அடிப்பதில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அரை மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம், வழித்தடப் பலகைகளில் தமிழ் இல்லாததும், ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாத பெரியவர்கள் தனியே போக முடியாததும்தான்.

இரட்டை அடுக்குப் பேருந்தின் மேல்தளத்தில் முன்வரிசை இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து கிளம்பும் 36-ஆம் எண் பேருந்து மரின் பரேட் குடியிருப்புகளைக் கடந்து, நகரின் நடுவே நுழைந்து, ஆர்ச்சர்ட் சாலைவரை வருகிறது. ரயிலைவிட நேரம் பிடிக்கும்தான். ஆனால் சாலையின் இருபுறமும் கவிந்த தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் கண்ணாடிக்கு வெகு அருகில் வந்து விலகுவதையும், சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வசிக்கும் அடுக்குமாடி வீடமைப்புப் பேட்டைகளையும், அவற்றின் தரைத்தளத் திண்ணைகளில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் முதியவர்களையும், வானளாவிய கட்டடங்களுக்குள் நுழைவதற்கு முன்பே பார்த்துவிடலாம். சுற்றுலா வேன்கள் இந்தப் பேட்டைகளில் நிற்பதே இல்லை.

நம் சீமைக்காரர் தவறாமல் போக வேண்டிய பகுதி, முகவர்களின் பட்டியலில் இல்லாத தஞ்சோங் பகார். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறிப் போன முஸ்லிம் குடும்பங்கள் பல, துறைமுகத்தை ஒட்டிய இந்த வட்டாரத்தில்தான் வாழ்ந்தன. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி இவர்களின் முயற்சி. பள்ளி இன்று இல்லை. பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் புலவரின் பெயரை அங்கே ஒரு கட்டடத்தில் படிக்கும்போது வரும் மகிழ்ச்சி மெர்லயன் முன்னால் எனக்கு வரவில்லை. தஞ்சோங் பகாரிலிருந்து நடந்தே சவுத் பிரிட்ஜ் சாலைக்கு வந்தால், 1827-ல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயிலும், அதற்குச் சில கட்டடங்கள் தள்ளி, சூலியா எனப்படும் தென்னிந்திய முஸ்லிம்கள் 1826-ல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலும் ஒரே வரிசையில் இருக்கின்றன. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. மூன்றையும் ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். கோயிலுக்குப் போகிறவர்கள் நடை சாத்தும் நண்பகல் இடைவெளியைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தேக்கா என்று அங்குள்ள தமிழர்கள் அழைக்கும் சிராங்கூன் சாலைப் பகுதியைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். கேம்பல் சந்தில் 2015-ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்த பிறகு கடைத்தெருவுக்குள் போனால், பூக்கட்டுகிறவரும் பலசரக்குக் கடையும் வேறு மாதிரி தெரிவார்கள். ஞாயிறு மாலையில் மட்டும் அங்கே போகாதீர்கள் என்று பலர் சொல்வார்கள். வாரம் முழுவதும் கட்டுமானப் பணியில் இருந்த தொழிலாளர்கள் நண்பர்களைக் காணவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் கூடும் நேரம் அது. நெரிசல் உண்மை. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்துகொள்ளட்டும். மற்றவர்கள் தாராளமாகப் போகலாம், நம்மூர்ப் பேச்சைக் காதாரக் கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

சாப்பாட்டுக்கு உணவங்காடி நிலையங்களே போதும். தேக்கா நிலையத்தில் பிரியாணியும் தோசையும் பரோட்டாவும் கிடைக்கும். மேசைமேல் ஒரு கைதுடைக்கும் தாள்கட்டு மட்டும் கிடந்தால், அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அதை நகர்த்தி வைத்துவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021-லிருந்து இது சட்டப்படியான கடமை. சைவ உணவுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் வெறும் கீரைப் பொரியல்போலத் தோன்றுவதிலும் இறால் விழுது கலந்த சம்பல் இருக்கக்கூடும். பௌத்தர்களுக்கான சீனச் சைவக் கடைகள் பல நிலையங்களில் உள்ளன. அங்கே கிடைக்கும் மீஹூன் என்னும் அரிசிச் சேமியாவைத் துணிந்து சாப்பிடலாம். தேநீரில் கெட்டிப்பால் இனிப்பு தூக்கலாக இருக்கும். சர்க்கரை நோயாளிகள் 'தே சி கோசோங்' என்று கேட்டால் பால் இருக்கும், சர்க்கரை இருக்காது. குளிர்சாதன உணவகங்களில் பட்டியல் விலைக்கு மேல் பெரும்பாலும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு வரியும் ஏறும் என்பதால், விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். போத்தலுக்குச் செலவழிப்பது வீண்.

தங்கும் செலவுதான் இந்தப் பயணத்தின் பெரிய குறை. போக்குவரத்திலும் சாப்பாட்டிலும் மிச்சம் பிடித்ததெல்லாம் அறை வாடகையில் போய்விடும். அதுவும் கட்டிலைச் சுற்றி நடக்க இடமில்லாத அறைகளுக்கு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என்று தேடி அதிகம் கொடுப்பதைவிட, நல்ல பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் என்று தேடினால் வாடகை சற்று இறங்கும். மழை குற்றாலச் சாரல்போல மெல்ல வராது, ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். நவம்பர் முதல் ஜனவரிவரை குடை இல்லாமல் வெளியே இறங்கக் கூடாது. நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்திய ஊர் அது, விடிவதே காலை ஏழு மணிவாக்கில்தான். ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். மாலையில் 'கார்டன்ஸ் பை தி பே' என்னும் கரையோரப் பூந்தோட்டங்களுக்குப் போகலாம்; கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் கட்டணம், வெளித்தோட்டமும் அங்கே நடக்கும் ஒளிக்காட்சியும் இலவசம்.

திரும்பும் நாளுக்கு ஓர் எச்சரிக்கை. ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்று, காலை ஐந்தரை மணிவாக்கில்தான் மீண்டும் தொடங்குகின்றன. பேருந்துகளும் ஏறத்தாழ அப்படியே. அதிகாலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் டாக்சியைத்தான் நம்ப வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை டாக்சி மீட்டரில் பாதிக் கட்டணம் கூடுதலாக ஏறும். மலிவாகக் கிடைக்கிறது என்று விடியற்காலை விமானத்துக்குச் சீட்டு எடுக்கும்போதே இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட வேண்டும்; இல்லையென்றால் முந்தைய நாள் கடைசி ரயிலிலேயே போய், விமான நிலையத்தில் இரவைக் கழிக்கலாம், அங்கே நாற்காலிகள் வசதியாகவே இருக்கின்றன.