ஐ.பி.எஸ். வயிற்றுக்கு எது தோது: பொடியா, இசப்கோலா, அமாவாசைச் சமையலா?

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். கல்லிடைக்குறிச்சி தாண்டும்போதே அடிவயிறு முறுக்கத் தொடங்கும். சேரன்மகாதேவி வருவதற்குள் எங்கே இறங்கலாம் என்று கண் தேடும். நான்கு வருடம் இப்படியே போனது. வண்ணாரப்பேட்டையில் ஒரு குடல் மருத்துவர் ரத்தம், மலம், கேமரா எல்லாம் பார்த்துவிட்டு, புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை, ஐ.பி.எஸ்., அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் எரிச்சல் கோளாறு என்றார். மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதை ஒட்டி வர வேண்டும், அல்லது அதோடு போகும் தடவையோ மலத்தின் பதமோ மாற வேண்டும். ஒட்டி வருவது, தடவை மாறுவது, பதம் மாறுவது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் ஐ.பி.எஸ். என்பது குடல் நிபுணர்கள் 2016-இல் தந்த ரோம் 4 வரையறை. குடலில் காயம் கிடையாது, குடலும் மூளையும் பேசிக்கொள்வதில்தான் கோளாறு.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே இருப்பதைப் படித்துக்கொண்டிருக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். எனக்கு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்த மூன்று வழிகளையும் பார்த்தேன்.

முதலில் பொடி. சொந்தக்காரர் ஒருவர் ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தார். 'குடலைச் சுத்தம் பண்ணும்' என்றார். மூன்றாம் நாள் வீரவநல்லூரில் இறங்கி, தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் கொல்லைப்பக்கம் கைகாட்டினார்கள். அன்று ராத்திரி டப்பாவைத் திருப்பிப் படித்தால் முதல் சரக்கே நிலாவரை. நம் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து கப்பலேறி, உலக மருந்து நூல்களில் 'டின்னவேலி சென்னா' என்று ஊர்ப்பெயரோடே நிற்கிற இலை அது. பெருங்குடலைத் தூண்டிப் பேதியாக்குவதுதான் அதன் வேலை. ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற வயிற்றுக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? இயற்கை என்று எழுதியிருந்தாலும் சரக்குப் பட்டியலைப் படிக்காமல் வாயில் போடாதீர்கள்.

அதை வைத்துச் சித்த மருத்துவத்தையே குறை சொல்லமாட்டேன். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, படித்த மருத்துவர்கள் நாடி பார்த்துத் தருவது வேறு, கடைப்பொடி வேறு. சுண்டைவற்றல் சூரணத்தை மோரில் கலந்து பத்து நாள் குடித்தேன், வயிறு லேசாக இருந்தது. ஆனால் அந்தப் பத்து நாளும் நான் லீவில் இருந்தேன், பஸ் பயமும் இல்லை. அதனால் எது வேலை செய்தது என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

அடுத்தது இசப்கோல். குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளைகிற விதையின் உமி. தண்ணீரை இழுத்துக் கூழாகும். இறுகியதை இளக்கும், இளகியதைச் சேர்த்துப் பிடிக்கும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி 2021-இல் கொடுத்த வழிகாட்டுதலும் ஐ.பி.எஸ்.ஸுக்கு இப்படிக் கரையும் நார்ச்சத்தையே சொல்கிறது. கோதுமைத் தவிடு கரையாத வகை, பலருக்கு அது வாயுவைக் கூட்டும். நான் செய்த தப்பு, முதல் நாளே இரண்டு ஸ்பூன் போட்டது. ஒரு வாரம் வயிறு பறை மாதிரி விம்மி நின்றது. அப்புறம் அரை ஸ்பூனில் தொடங்கி, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி, கட்டியாகும் முன் குடித்தேன். மலம் ஒரு பதத்துக்கு வந்தது. வலி மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாவதுதான் நான் இன்றைக்கும் கையில் வைத்திருப்பது. ஃபாட்மேப் குறைத்த சாப்பாடு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. ஃபாட்மேப் என்கிற சில மாவுச்சத்துகள், சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகும், அங்கே நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். கூருணர்வுள்ள குடலுக்கு அந்த இழுவையே வலி. அவற்றை இரண்டிலிருந்து ஆறு வாரம் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிறுத்த வேண்டிய பட்டியலைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்தது. பல்லாரி என்கிற பெரிய வெங்காயம், உள்ளி என்கிற சின்ன வெங்காயம், வெள்ளைப்பூடு, கோதுமை, பால், பருப்பில் பெரும்பகுதி. ஏழு பேருக்கு ஒரே அடுப்பு எரிகிற வீட்டில் எனக்கென்று தனிச்சட்டி வைக்கச் சொல்வதா? அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஏட்டி, உள்ளி போடாம வச்சா அது சொதியா?" என்றார்கள். கொஞ்ச நேரம் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம், "ஏன், அமாவாசைக்கு வைக்கமாட்டமா? ஆறு வாரமும் அமாவாசைன்னு நெனச்சுக்கிடுதேன்" என்றார்கள்.

அதோடு வழி திறந்துவிட்டது. விரதச் சமையலில் உள்ளியும் பூடும் கிடையாதே! சீரகம், இஞ்சி, மிளகு, கறிவேப்பிலையை வைத்தே ருசி கூட்டுகிற கை அத்தைக்கு ஏற்கெனவே இருந்தது. சோறு, மிளகு ரசம், உருளை, கேரட், கத்தரிக்காய், அளவாகப் பருப்பு. சொதியில் உள்ளிக்குப் பதில் இஞ்சியும் எலுமிச்சையும் கூடுதல், தேங்காய்ப்பால் ஒரு கரண்டியோடு சரி.

இங்கே ஒரு நுணுக்கம். குழம்பில் கிடக்கிற உள்ளியை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் பலன் இல்லை. அதிலுள்ள ஃபிரக்டான் என்ற ஃபாட்மேப் தண்ணீரில் கரையும், குழம்பிலேயே இறங்கிவிடும். எண்ணெயில் அது கரையாது. அதனால் நல்லெண்ணெயில் இரண்டு பல் பூடைப் பொன்னிறமாகப் பொரித்து, பூடை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் அப்படியே இருக்கும். பெருங்காய டப்பாவையும் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி மாவு சேர்த்தது தேடி வாங்கினோம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒரே விஷயம்தான்: இந்தப் பாடு எப்போது முடியும்? இசப்கோல் செலவும் குறைவு, சிரமமும் குறைவு, ஆனால் நிறுத்தினால் பழையபடி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் டப்பாவோடு போக வேண்டும். விலக்குச் சாப்பாடு முதல் ஆறு வாரம் உயிரை எடுக்கும். ஒருவருக்காக வீடே மாறவேண்டும். ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு. இரண்டாம் வாரத்திலேயே முறுக்கு பாதியாகக் குறைந்தது. ஆறாம் வாரம் முடிந்ததும் ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், ஒரு பொருளுக்கு மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. தயிர்ப்பச்சடியில் பல்லாரி இரண்டாம் நாள் சாயங்காலமே காட்டிக்கொடுத்தது. ராத்திரி இரண்டு சப்பாத்தியும் அப்படித்தான். தயிர், துவரம்பருப்பு ஒரு கரண்டி, உளுந்தஞ்சோறு எதுவும் செய்யவில்லை. இன்றைக்கு நான் உண்மையில் ஒதுக்குவது பல்லாரி, சப்பாத்தி, டம்ளர் நிறையப் பால், அவ்வளவுதான். முதல் பட்டியலையே வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பது தப்பு. சத்துக்குறைவு வரும், குடலின் நல்ல நுண்ணுயிர்களுக்கும் தீனி இல்லாமல் போகும். முடிந்தால் உணவியல் நிபுணர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வருகிறவர்கள், ஏற்கெனவே மெலிந்தவர்கள் இதற்குள் இறங்கவே வேண்டாம்.

சாப்பாட்டைத் தவிர மாற்றியது இரண்டு. வெறும் வயிற்றில் காபியை நிறுத்தினேன். சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது இயல்பு, காலையில் அது கூடுதல். அதனால் அரைமணி முன்னால் எழுந்து, வெந்நீரும் இரண்டு இட்லியும் முடித்து, வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புகிறேன். மாதக்கடைசியில், அலுவலகத்தில் நெருக்கடி வரும்போது, பஸ்ஸை விட்டுச் செங்கோட்டை ரயிலில் போகிறேன். பெட்டியில் கழிப்பறை இருக்கிறது என்ற நினைப்பே வயிற்றை அடக்குகிறது.

எனக்கு வயிற்றுப்போக்கு வகை. மலச்சிக்கல் வகைக்காரர்கள் கேட்டால், அத்தையை அடுப்படியில் படுத்தும் முன் அரை ஸ்பூன் இசப்கோலையும் நிறையத் தண்ணீரையும் ஒரு மாதம் பார்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.