குழந்தைகள் வீட்டில் இரத்தத்தின் மாதிரியுருவம் செய்து பார்க்கும் கிட்: வில்லைகள் அருமை, பாகு வேண்டாம்

இந்த கிட்டை வாங்கலாம் என்று சொல்ல வைப்பது சிவப்பணுவுக்காகத் தரும் சிவப்பு அக்ரிலிக் வில்லைகள்தான். 8 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் நடுவில் குழி. நிஜச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். அதை ஆயிரம் மடங்கு பெரிதாக்கியிருக்கிறார்கள். விரலிடுக்கில் வைத்து உருட்டினாலே குழந்தைக்குக் குழி தட்டுப்படும். ஆக்சிஜன் போய்வரப் பரப்பு கூடுதல், நுண்குழாயில் வளைந்து நுழையவும் வசதி என்று அப்போதே சொல்லிவிடலாம். உருண்டை மணி தரும் கிட்களில் இந்தப் பாடமே கிடையாது.

கோளாறு பிளாஸ்மாவில், அதாவது அணுக்கள் மிதக்கும் இரத்தத்தின் திரவப் பகுதியில். கையேடு கெட்டியான சோளப் பாகை ஊற்றச் சொல்கிறது. அக்ரிலிக் வில்லையைவிடப் பாகு அடர்த்தி அதிகம், அதனால் வில்லைகள் எல்லாம் மேலே வந்துவிடும். உறையாமல் தடுத்து வைத்த இரத்தத்தில் சிவப்பணு அடியில் படியும், பிளாஸ்மா மேலே தெளியும். அது அப்படியே தலைகீழாகிறது. பிளாஸ்மாவில் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தானே, தண்ணீரே போதும்.

இரத்தத்தில் பிளாஸ்மா சுமார் 55 பங்கு, அணுக்கள் 45 பங்கு. அதே விகிதம் வர, அளவுக் குடுவையில் 55 மி.லி. தண்ணீர், இரண்டு சொட்டு மஞ்சள் நிறம், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். சோப்பு சேர்க்காவிட்டால் குழிக்குள் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு வில்லையைத் தூக்கிவிடும். பிறகு 500 வில்லைகளையும் போடுங்கள், மட்டம் 100-ஐ ஒட்டி வரும். வில்லையை முதலில் 45 கோடு வரை கொட்டினால் கணக்குத் தப்பும். இடையிலுள்ள காலியிடமும் அதில் சேர்ந்துவிடுகிறது.

வெள்ளையணுவுக்கு 12 மி.மீ. தெர்மகோல் உருண்டைகள் 40 வருகின்றன. இந்தக் குடுவைக்கு ஒன்றே ஒன்று போதும். நாற்பதையும் கொட்டினால் இரத்தத்தில் வெள்ளையணு மலிந்து கிடப்பதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். தெர்மகோல் மிதக்கும் என்பதால் அதே அளவில் பிளாஸ்டிசின் களிமண்ணை உருட்டிப் போடுங்கள். தட்டணுவுக்கு 2 மி.மீ. துணுக்குகள் 25.

இரத்த வகைச் சோதனை நன்றாக இருக்கிறது. 20 மி.லி. வெதுவெதுப்பான பாலில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டால் திரியும், நிறத் தண்ணீரில் விட்டால் ஒன்றும் ஆகாது. மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வெளியிட்ட இரத்த வகைப்பாட்டை விளக்க இது நல்ல வழி. ஆனால் கையேடு இதை 'உறைதல்' என்கிறது. அது தவறு. உறைதல் தட்டணுவும் ஃபைப்ரின் என்ற நார்ப் புரதமும் செய்யும் வேலை. பொருந்தாத வகை சேரும்போது பிளாஸ்மாவிலுள்ள எதிர்ப்பொருள் என்ற புரதம் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பால் திரிவது அமிலத்தால் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் வீட்டில் துணுக்குகளை எண்ணித் திரும்ப எடுத்து வையுங்கள். வில்லைக்குப் பதில் தண்ணீரில் ஊதும் ஜெல் மணிகள் தரும் கிட்களை வாங்கவே வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும்.